வாய் வெந்த மாப்பிள்ளை

“ஈரக் கையில தொடாதீங்க. கண்ணுல பட்டா உடனே தண்ணி அடிச்சுக் கழுவுங்க. காத்துக்கு எதுக்கால நின்னு கொட்டாதீங்க.” தொண்ணூறுகளில் பாலக்காட்டு ரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் நான் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. நீர்த்த சுண்ணாம்புத் தூள் விற்கிற பிரதிநிதி நான். மொபெட்டின் முன்னால் மாதிரிச் சரக்கு மூட்டை ஒன்று, தோளில் ஒரு தோல் பை, தலை முதல் கால் வரை ஒரு வெள்ளைப் படலம். தெருநாய்கூட என்னைப் பார்த்தால் முதலில் தும்மிவிட்டுத்தான் குரைக்கும். ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொன்ன எனக்கு, என் சொந்த நாக்கும் ஈரமான பொருள்தான் என்பது மட்டும் தோன்றாமல் போய்விட்டது. அது தோன்றிய நாளில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மதுக்கரைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஆலை ரொம்பச் சின்னது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெரிய சல்லடை, ஓயாமல் இருமுகிற ஒரு மேஸ்திரி. காளவாயில் சுட்ட கல் லாரியில் வந்து இறங்கும். அதன்மேல் தண்ணீரைத் தெளித்தால் உஸ்ஸென்று சீறும், ஆவி விடும், கிட்டே போக முடியாத அளவுக்குச் சூடாகும். அப்புறம் கோபமெல்லாம் தணிந்து தானாகவே விரிந்து மாவாக உதிர்ந்துவிடும். அந்த மாவைச் சலித்து மூட்டை கட்டினால் எங்கள் சரக்கு ரெடி. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் அதைக் கழிவுத் தண்ணீரில் கலக்கினால் சாயம் திரண்டு அடியில் போய் உட்காரும். கோழிப்பண்ணையில் ஈரமான எருவின்மேல் தூவினால் நாற்றம் குறையும், ஈ மொய்க்காது. தென்னையில் குருத்து அழுகினால் மயில்துத்தத்தோடு கலந்து ஊற்றுவார்கள். வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் கொதிக்கிற கரும்புப்பாலில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டால் அழுக்கெல்லாம் நுரையாக மேலே வரும், அள்ளி வீசிவிடலாம். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினையே.

நான் பி.எஸ்ஸி. வேதியியல். காலேஜ் வாத்தியார் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டு, அது நடக்காமல் சுண்ணாம்பு விற்க வந்தவன். நிறைவேறாத அந்த ஆசையை எல்லாம் பாவம், வாடிக்கையாளர்கள் தலையில் இறக்கினேன். யாராவது “சரக்கு என்ன தரமுங்க?” என்று கேட்டுவிட்டால் போதும். ஒரு டம்ளரில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றி, குழலை விட்டு ஊதச் சொல்வேன். தண்ணீர் பாலாக வெளுக்கும். “பாத்தீங்களா, உங்க மூச்சுல இருக்கற கரியமில வாயு! செவுத்துல அடிச்ச சுண்ணாம்பும் இதே மாதிரிதான், நாம விடற மூச்சக் குடிச்சுக் குடிச்சு மறுபடியும் கல்லா மாறிக்குது” என்று ஆரம்பித்து, நான் மூச்சு விட நிறுத்தும்போது எதிரில் ஆள் இருக்கமாட்டார். எங்கள் ஆலைக்கு ஆர்டர் குறைவில்லாமல்தான் வந்தது. வாங்காவிட்டால் நான் மறுபடியும் வந்து பேசுவேன் என்ற பயத்தில் வாங்கினார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

கல்யாணச் சந்தையில் இந்த வாய் செல்லுபடியாகவில்லை. அன்னூர்ப் பக்கம் முதலில் ஒரு பெண் பார்க்கப் போனோம். குடிக்க இளநீரும் குழலும் கொடுத்தார்கள். குழலைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. பையிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, டம்ளரில் ஊற்றி, பெண்ணின் அப்பாவிடம் நீட்டி ஊதச் சொன்னேன். அந்த மனுஷன் ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சிவிட்டார். அந்தச் சம்பந்தம் அந்த ஒரு மிடறோடு முடிந்தது. அடுத்தது பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீடு. உள்ளே நுழைந்ததும், “எரு வாடை வருதுங்களே, நம்ம தூள் போட்டா இந்த வாடை இருக்காதுங்க” என்றேன். அது எரு வாடை இல்லை, எனக்காக அவர்கள் சமைத்துக்கொண்டிருந்த முட்டைக் குருமா. அதற்கப்புறம் ஒரு வீட்டில் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்து, “யாருங்க இத அடிச்சது? சுத்தமா ஏமாத்திப்போட்டான்” என்றேன். அடித்தது பெண்ணின் தாய்மாமன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

டீக்கடையில் கூட்டாளிகள் என்னை ஓட்டியே தீர்த்தார்கள். “உனக்கெதுக்குடா ஜாதகம்? ராத்திரியில ஒத்தையில வாரப்ப மோகினி வந்து சுண்ணாம்பு கேப்பா. மூட்டையாவே குடுத்து அவளையே கட்டிக்கோ” என்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. எனக்குக் கல்யாண ஆசை நிறையவே இருந்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால், “இன்னிக்கு என்ன உளறிட்டு வந்தீங்க?” என்று கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று இருந்தது. அம்மா சொந்தக்கார ஒரம்பரை வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டிருந்தாள். போன இடத்தில் எல்லாம், “பையனுக்கு இன்னும் ஒண்ணும் அமையலீங்களா?” என்று கேட்கிறார்களாம். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட். இந்த விஷயத்தில் தலையிட்டால் தன்னையும் பேச வைத்துவிடுவார்கள் என்று ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினார். அவர் அப்படியே எனக்கு நேர் எதிர்.

அப்போதுதான் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து ஜாதகம் வந்தது. ஜாதகத்தோடு ஒரு போட்டோ. பெண் உடுமலையில் பி.காம். முடித்தவள், தாய் இல்லாதவள், ஒரே பிள்ளை. போட்டோவில் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருந்தது. போட்டோ எடுக்கிறவன் என்ன செய்தான், எதற்காக அவளுக்கு அந்தச் சிரிப்பு வந்தது என்று எனக்கு யோசனை போய்க்கொண்டே இருந்தது. போட்டோவைத் தோல் பைக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினேன். ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணின் முகத்திலும் சுண்ணாம்பு படிந்துவிட்டது. கர்ச்சீப்பால் மெதுவாகத் துடைத்தேன். வேறு எந்தப் பெண்ணின் போட்டோவுக்கும் நான் அப்படிச் செய்ததில்லை. இந்த இடம் தவறிவிடக்கூடாதே என்று முதல்தடவையாகப் பயம் வந்தது.

வாடகை அம்பாசிடரில் நானும் அம்மாவும் தாய்மாமனும் கிளம்பினோம். கிணத்துக்கடவு தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“சாமி, உன்ற காலுல வேணும்னாலும் உழுகறேன். அங்க போயி வாயத் தொறக்காத. கேட்டதுக்கு ஆமாங், இல்லீங், அவ்வளவுதான்.”

“அவங்களா சுண்ணாம்பப் பத்திக் கேட்டா?”

“கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு.”

“தெரியாதுன்னு எப்புடிம்மா சொல்றது? அதான எனக்குத் தொழிலு?”

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முன்சீட்டிலிருந்து மாமா, “மாப்ளே, உனக்குப் புண்ணியமாப் போகும், இந்த ஒரு நாளைக்கு ஊமையா இரு” என்றார். எனக்கும் புத்தி வந்திருந்தது. பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். கையில் பாட்டில் இல்லை, குழல் இல்லை. போட்டோவை மட்டும் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

தென்னந்தோப்புக்கு நடுவில் அந்தத் தோட்டத்து வீடு இருந்தது. பெண்ணின் அப்பா வாசல் வரைக்கும் வந்து கும்பிட்டு, “வாங்கொ, வாங்கொ” என்று அழைத்துப்போய் முன்கூடத்தில் உட்கார வைத்தார். உயரமான மனுஷர். பேசும்போது கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி மடியில் வைப்பார், எடுப்பார். கூடவே அவருடைய அக்கா, பெண்ணுக்கு அத்தை. அந்த வீட்டின் நிர்வாகம் அவர்தான் என்பது முதல் நிமிஷத்திலேயே தெரிந்தது. பலகாரம் வந்தது. பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். போட்டோவில் பார்த்த அதே அடக்கின சிரிப்பு நேரிலும் இருந்தது. பெண் உள்ளே போனதும் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டபடி இருந்தது.

நான் நன்றாகத்தான் நடந்துகொண்டேன். “மாப்ளைக்குச் சொந்த ஊரே சிங்காநல்லூருங்களா?” “ஆமாங்.” “வேலையெல்லாம் நல்லாப் போகுதுங்களா?” “ஆமாங்.” “கூடப் பொறந்தவிய யாருமில்லீங்களா?” “இல்லீங்.” அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு கௌரவமாக எழுந்து வந்திருப்போம். மாமாதான் கெடுத்தார். வெயில் தாங்காமல் பின்னால் சாய்ந்து சுவரோடு உட்கார்ந்திருந்தவர், காபி டம்ளரை வைக்கக் குனிந்தார். அவருடைய மெரூன் கலர் சட்டையின் முதுகு முழுக்க வெள்ளை.

“அடடா,” என்று பதறினார் பெண்ணின் அப்பா. “மன்னிச்சுக்குங்க. பொங்க நோம்பிக்கு அடிச்சதுங்க. ரண்டு மாசங்கூட முழுசா ஆகல, தொட்டா ஒட்டிக்குது, பொக்குப் பொக்கா உதுருது. ஏனுன்னே தெரியலீங்க.”

ஏனென்று எனக்குத் தெரியும்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. காய்ந்த சுவரைத் தண்ணீர் தெளித்து நனைக்காமல் அடித்திருக்கிறார்கள். முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததையும் தீட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது வெளுப்புத் தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். அது தெரியாமல் வெள்ளை வரவில்லையே என்று மேலே மேலே அடித்திருக்கிறார்கள். பிடிப்புக்கு எதுவும் கலக்கவும் இல்லை. நான்கு காரணமும் என் பல்லுக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றுவிட்டன. வாய் தானாகத் திறந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அன்னூரும் பல்லடமும் இருந்தன.

எதையாவது வாயில் போட்டு அடைத்தாகவேண்டும். முன்னால் வெற்றிலைத் தட்டு இருந்தது. எடுத்தேன்.

நான் அதுவரை வெற்றிலை போட்டதே கிடையாது. மாப்பிள்ளைப் பையன் பெரியவர்களுக்கு முன்னால் வெற்றிலை போடுவது எங்கள் பக்கத்தில் மரியாதையும் இல்லை. மாமா கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றார். அவர் பேசாதே என்று சொல்வதாக நான் எடுத்துக்கொண்டு, பேசமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, இரண்டு வெற்றிலையை விரித்தேன். மற்றவர்கள் சுட்டுவிரல் நுனியில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு எடுத்து வெற்றிலையின் முதுகில் தடவுவார்கள். நான் அப்படியா? மூட்டை மூட்டையாகப் பார்த்தவன். அரை மனசாகப் போட்டால் பலனிருக்காது என்று சாயப்பட்டறைக்காரர்களிடம் சண்டை போட்டவன். விரலை மடக்கி, தோசைக்குச் சட்னி எடுக்கிற மாதிரி ஒரு வழி வழித்தேன். மடித்து வாய்க்குள் திணித்து நன்றாக ஒரு கடி கடித்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பரவாயில்லையே, இதற்குத்தானா இவ்வளவு என்று நினைத்தேன். அப்புறம் நாக்கின் நடுவில் யாரோ பீடிக் கங்கை வைத்து அழுத்தினார்கள். அது கன்னத்துக்குப் பரவியது, மேலண்ணத்துக்கு ஏறியது, பல்லீறுக்குள் இறங்கியது. எச்சில் ஊற ஊற எரிச்சல் கூடிக்கொண்டே போனது. ஈரம் பட்டால் சுடும். ஊர் ஊராகப் போய் இதைத்தானே சொன்னாய், படுபாவி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காது மடல் இரண்டும் ஜிவ்வென்று ஆனது. கண்ணில் தண்ணீர் தளும்பியது. துப்பியாகவேண்டும். பித்தளைப் படிக்கம் ஒன்று பெண்ணின் அப்பா நாற்காலிக்கு அந்தப் பக்கம் பளபளவென்று நின்றது. அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். பாதி எழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து அவர், சுவரைத் தடவியபடி, யாரையும் பார்க்காமல் பேச ஆரம்பித்தார். “அம்மணியோட அம்மா இருந்த வரைக்கும் இப்படி உதுந்ததே இல்லீங்க. வருசா வருசம் நோம்பிக்கு அவளே சேலையத் தூக்கிச் சொருகிட்டு அடிப்பா. ஆள உடமாட்டா. நான் ஏணியப் புடிச்சா மட்டும் போதும்னு சொல்லுவா. அவ அடிச்சா...”

“அத எதுக்கு இப்பப் பேசிக்கிட்டு?” என்றார் அக்கா. “ஒரம்பரை வந்திருக்கறப்ப. எப்பப் பாரு இதே பேச்சு.”

அவர் சட்டென்று நிறுத்தினார். கையைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தவர் கண்ணில் நான்தான் பட்டேன். பாதி எழுந்த நிலையில், வாய் நிறைய நெருப்போடு, அவரைத் தாண்டிப் படிக்கத்துக்குப் போகிற அவசரத்தில் நின்றேன். எழுந்து போகிறான், இவனும் எழுந்து போகிறான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்துக்கு முன்னால் நான் எப்படித் தாண்டிப்போவேன்? உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தே தொடர்ந்தார். “அவ அடிச்சா ரண்டு வருசத்துக்கு நிக்குமுங்க மாப்ளே. கையத் தேச்சாலும் ஒட்டாது. சுண்ணாம்பு கரைக்கறப்ப என்னமோ ஒண்ணு போடுவா. ஊட்டுக்குப் பொறத்தால பொடக்காளியில உக்காந்து அவளாத்தான் கரைப்பா. என்னம்மா போடறேன்னு நான் ஒரு நாளும் கேக்கல பாத்துக்குங்க. எப்ப வேணும்னாலும் கேட்டுக்கலாம்னு இருந்துபோட்டேன். இப்ப ஆளுமில்ல.”

அவர் என்னவோ மெதுவாகத்தான் பேசினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தலையில் சொட்டுச் சொட்டாக விழுமாம். அவர் தலை நரைத்துவிட்டதென்று அந்த அம்மா மேலிருந்து சிரிப்பார்களாம். இப்போது நிஜமாகவே நரைத்துவிட்டது, பார்க்கத்தான் ஆளில்லை என்றார். எனக்குக் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் முக்கால்வாசி சுண்ணாம்பு. துடைக்கக் கையை எடுத்தேன், விரலிலும் சுண்ணாம்பு, அப்படியே கையை இறக்கிவிட்டேன். வேறு வழியில்லாமல் அழுத கண்ணோடு அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் நான் குறுக்கே பேசாமல் இருந்தது அதுதான் முதல்தடவை.

பெண்ணின் அத்தை மூக்கை உறிஞ்சினார். “பாருங், மாப்ளைக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. எளகின மனசு. இந்தக் காலத்துல இப்புடி ஒரு பையனா!” அம்மா என்னை அடையாளம் தெரியாதவள் போலப் பார்த்தாள். மாமாவுக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு தென்னைமரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது. அதில் தேங்காய்ச் சில்லும் நாட்டுச் சர்க்கரையும். கொண்டுவந்த அத்தை, “அம்மணி மாப்ளைக்குன்னு குடுத்துடுச்சு. எதுக்குன்னு கேட்டாச் சிரிக்குது” என்றார். எல்லாரும் அதைச் சம்மதத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். நான் படிக்கத்தில் துப்பிவிட்டு வந்து மருந்தாக எடுத்துக்கொண்டேன். தேங்காயை மெல்ல மெல்ல அதன் பால் இறங்கி, வெந்த நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே திரும்பி வந்தது. அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் அம்மா என்னைத் தங்கமே, கண்ணே என்று கொண்டாட, நான் கார் ஜன்னலுக்கு வெளியே நாக்கை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாக்குத் தோல் உரிந்து ஆறுகிற வரைக்கும் தயிர்ச்சோறுதான். அந்த நாட்களிலும் வேலைக்குப் போனேன். மூட்டையைக் காட்டுவேன், விரலால் கணக்குச் சொல்வேன், கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். என்றைக்கும் இல்லாத ஆர்டர் அப்போது வந்தது. “இப்பத்தான் உங்ககிட்ட யாவாரம் பண்ணவே நல்லா இருக்குதுங்க” என்றார் ஒரு சாயப்பட்டறை முதலாளி. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் ஆர்டரை வாங்கிக்கொண்டேன்.

பேச வந்ததும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பெண் வீட்டுக்குப் போன் போட்டேன். நல்லவேளை, அவளே எடுத்தாள்.

“நாக்கு ஆறிடுச்சுங்களா?” என்றாள் முதல் வார்த்தையாக.

“உங்களுக்கு எப்புடீங்க தெரியும்?”

“கதவுக்குப் பின்னால நின்னு பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். தட்டுல இருந்த சுண்ணாம்புல பாதியக் காணமே!” அடக்கி வைத்திருந்த அந்தச் சிரிப்பு முழுசாக வெளியே வந்தது. பூத்துக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டது.

“உங்க அப்பாருக்கு?”

“நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. அவரு பாவம், ஊரெல்லாம் உங்களப் பத்தித்தான் பேச்சு.”

அவள் சொன்னது நிஜம். நிச்சயத்தின்போதும் கல்யாணத்தின்போதும் எல்லாரிடமும் அவர் என்னை ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்தார். “அம்மணியோட அம்மாவப் பத்திச் சொன்னனுங்க, மாப்ளே உக்காந்து கேட்டாரு.” கேட்டவர்கள் என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். யாரோ ஒரு பாட்டி என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். நான் தலையைக் குனிந்துகொள்வேன், அதையும் அடக்கம் என்று சொன்னார்கள். ஒரு மனுஷர் என் கண்ணீரை நம்பிப் பெண்ணைக் கொடுக்கிறார். அந்தக் கண்ணீர் வெற்றிலைத் தட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அவர் முகம் எப்படிப் போகும்? என்றைக்காவது தெரிந்துவிடுமோ என்று மணவறையில் உட்கார்ந்திருக்கும்போதும் எனக்கு வேர்த்தது. அய்யர் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொல்லும்போது பாதி விட்டுவிட்டேன்.

கல்யாணம் முடிந்து, பெண் வீட்டில் பாலும் பழமும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற நேரம் வந்தது. காரில் சாமான் ஏற்றினார்கள். என் மனைவி அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மாமனாரைத் தேடினேன். அவர் முன்கூடத்தில், நான் அன்றைக்கு உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் உள்ளங்கையை வைத்தபடி தனியாக நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்துக்கென்று புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மகள் போய்விட்டால் அந்த வீட்டில் அவர் பேச்சை நிறுத்தச் சொல்கிற அக்காவும் அவரும்தான். அது சட்டென்று எனக்கு உறைத்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை வாயில் ஒன்றும் இல்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், “இன்னிக்கும் சுண்ணாம்புதானுங்களா மாப்ளே?” என்றார். உதட்டோரத்தில், மகளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரிந்த அந்த அடக்கின சிரிப்பு.

“மாமா... உங்களுக்கு...”

“உங்க ஒதடெல்லாம் வெளுத்துக் கெடந்துச்சுங்களே. எரிச்சல்ல காதெல்லாஞ் செவந்துபோச்சு. எனக்குக் கண்ணு தெரியாதுங்களா?”

“அப்புறம் ஏனுங்க மாமா சரின்னீங்க?”

அவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டார். “அவளப் பத்தி வாயெடுத்தா எங்கூட்டுல எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க. அக்கா ஏசும். அம்மணிகூட அடுப்படிக்குப் போயிரும், அதால தாங்க முடியாது. நீங்க வாயி வெந்து தண்ணியா ஊத்துது, துப்பறதுக்கு எந்திரிச்சீங்க, நான் பேசறேன்னுட்டு மறுபடியும் உக்காந்தீங்க. வெந்துக்கிட்டே உக்காந்து முழுசாக் கேட்டீங்க. எனக்கு அது போதுமுங்க.”

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். அம்மா என்னைக் கூப்பிட வாசல்படி ஏறி வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள். மாமனார் சுவரை மறுபடியும் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளை ஒட்டியிருந்தது.

“மாப்ளே, நீங்க சுண்ணாம்புக்காரரு. உங்களுக்குத் தெரியாததில்ல. கரைக்கறப்ப அவ என்னங்க போட்டிருப்பா?”

எனக்குத் தெரியும். பொடக்காளியில் உட்கார்ந்து கரைத்தாள் என்றால் அங்கேயே வேலியோரம் வளர்ந்து நிற்கிற கற்றாழையின் சாறாக இருக்கும். இல்லையென்றால் அரிசிக் கஞ்சி. கல் உப்பும் போட்டிருக்கலாம். ஒவ்வொன்றும் எப்படிப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று அங்கேயே நின்று மத்தியானம் வரைக்கும் பேச என்னிடம் சரக்கு இருந்தது. வாயைத் திறந்தேன். அவர் அந்த வெள்ளை விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“தெரியலீங்க மாமா” என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. “ஆமாங்,” என்றார். “அது அவளுக்கு மட்டுந்தானுங்க தெரியும்.”

பின்னால் நின்ற அம்மா பதறிப்போய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் ஏதும் அடிக்கிறதா என்று.